பிரிக்காத பதில்கள் யாருக்கு வசதி?

திறந்தநிலைக் கேள்விகளுக்கு வந்த பதில்களை ஆண், பெண், இனம், வயது என்று குழுவாரியாகப் பிரித்துப் படிப்பது பண்புசார் ஆய்வுக்கே செய்யும் துரோகம் என்கிறார் எதிர்வாதி. அதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். மூன்றில் ஒன்றுகூட நிற்காது.

முதலாவது, பிரித்தால் அனுபவத்தின் முழுமை சிதையுமாம். யாருடைய முழுமை? ஆலை மூடி வேலையிழந்த ஆஸ்திரியக் கிராமமான மரியன்தாலை 1931–32இல் ஆராய்ந்த மரீ யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், ட்சைசல் குழுவினர், அன்றைய பொழுது எப்படிக் கழிந்தது என்று ஊராரிடம் எழுதி வாங்கினார்கள். தெருவில் நடப்போரின் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே பார்த்தபோதுதான் உண்மை துலங்கியது: பகலில் என்ன செய்தோம் என்றே சொல்லத் தெரியாமல் ஆண்கள் தெருவில் தேங்கி நின்றார்கள், கூலியை இழந்த பெண்களுக்கோ வீட்டுவேலை ஓயவே இல்லை. எல்லாப் பதில்களையும் ஒன்றாகக் கலந்திருந்தால் ‘வேலையின்மையில் காலம் உறைகிறது’ என்ற முடிவு கிடைத்திருக்கும். பாதி ஊரைப் பொறுத்தவரை அது பொய்.

இரண்டாவது, ஐந்தாறு பேரை ஒரு குழு என்று கொள்ள முடியாதாம். பண்புசார் ஆய்வில் எண்ணிக்கைக்கு இடமில்லை என்று ஒரு பத்தியில் முழங்கியவர், அடுத்த பத்தியில் எண்ணிக்கை போதவில்லை என்கிறார். முடிவுரையில் ‘பெரும்பாலானோர் கருதுகின்றனர்’ என்றும் எழுதுகிறார். எண்ணாமல் பெரும்பான்மை எங்கிருந்து முளைத்தது? ஐந்து பேரிலிருந்து சதவீதம் கணக்கிடுவதுதான் பிழை. அந்த ஐவர் சொன்னதை மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது ஆய்வாளரின் கடமை. ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குத் தொடுத்த கறுப்பினப் பெண்களும் ஐவர்தான். 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்காத நிறுவனம், பின்னர் பணிமூப்பைக் காட்டி ஆட்குறைப்புச் செய்தது. நீதிமன்றமோ ‘பெண்கள்’ என்று ஒருமுறை, ‘கறுப்பினத்தவர்’ என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டுமாக இருந்தவர்களின் வாதத்தை 1976இல் தள்ளிவிட்டது. பிரித்ததால் வந்த கேடு என்று இதை எதிர்வாதி காட்டக்கூடும். பாதிவழியில் நிறுத்தியதால் வந்த கேடு இது; சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையின் சாரமே அதுதான்.

மூன்றாவது, குழுக்கள் ஆய்வாளரின் திணிப்பாம். ‘மக்கள்’ என்ற ஒற்றைக் குழு மட்டும் வானத்திலிருந்து இறங்கியதா? உளவியலாளர் கோல்பெர்க் 84 ஆண் சிறுவர்களைப் பின்தொடர்ந்து மனித ஒழுக்க வளர்ச்சிக்கே படிநிலைகள் வகுத்தார். அந்த அளவுகோலில் பெண்கள் குறைபட்டவர்களாகத் தெரிந்தது ஏன் என்று 1982இல் கேரல் கில்லிகன் கேட்கவேண்டியிருந்தது. பெயர் சூட்டாத வகைப்பாடு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

பிரிக்காத அறிக்கையால் யாருக்கு வசதி? ஒரே முடிவு, ஒரே பரிந்துரை. திட்டத்தில் விடுபட்டவர்கள் யார் என்று பணம் கொடுத்தவரை எவரும் கேட்கமாட்டார்கள். ‘முழுமை’ என்ற தத்துவத்தின் அடியில் இருப்பது இந்த வசதிதான். எல்லாப் பதில்களையும் ஒரே குறியீட்டுப் பட்டியலால் முதலில் படியுங்கள், பிறகு குழுவாரியாக ஒப்பிடுங்கள், குழுக்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் மறுபடி பாருங்கள். அப்படிச் செய்தும் முடிவு மாறாதென்றால் எதிர்வாதி அதைக் காட்டட்டும், ஏற்றுக்கொள்கிறோம். காட்டாதவரை, தன் ஆய்வில் பேசியவர்கள் யார் என்றே அவருக்குத் தெரியாது என்றுதான் பொருள்.