பிக்கப்புக்கு ஹைட் ஏத்தலாமா?

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, வயலிலிருந்து தார் ரோட்டுக்கு வரும் வழியில் என் பிக்கப் வண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் 16 கிரேட் கத்தரியும் வெண்டையும், மேலே கீரைக்கட்டு. விடிவதற்குள் சென்னைக்குப் போக வேண்டிய சரக்கு. பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துப் போட்டபோது மணி ஒன்பது. காய் காஞ்சிபுரத்தில் பாதி விலைக்குப் போனது. கீரை மாட்டுக்குப் போனது.

நான் இருப்பது காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டை. (தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கேயும் ஓர் ஐயம்பேட்டை உண்டு.) தறிச்சத்தம் கேட்கும் ஊர். காலையில் தெருவில் பாவு நீட்டிவிட்டார்கள் என்றால் அது முடியும்வரை வண்டியை எடுக்க முடியாது. அதனால் இருட்டிலேயே கிளம்பும் பழக்கம். இருட்டில் சேறு தெரியாது.

அடுத்த வாரமே யோசனை வந்துவிட்டது. "சார், பேசாம ஹைட் ஏத்திடுங்க. லிஃப்ட் கிட்னு வருது. பின்னாடி ரெண்டு பிளாக், முன்னாடி நீள ஷாக்கிள். மூணு இஞ்ச் தூக்கிடும். அப்புறம் எந்தச் சேத்துலயும் பூந்து வரலாம்." மொபைலில் வீடியோவும் காட்டினார் அந்தத் தம்பி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விலை 18,000 ரூபாய், கூலி தனி.

2005-இல் டாடா ஏஸ் வந்தது, பிறகு தோஸ்த் வந்தது, பொலீரோ பிக்கப் ஏற்கெனவே இருந்தது. நேரடி விற்பனையில் இறங்கிய நம் ஆட்களில் பலர் இவற்றில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. எனக்கும் வந்தது. ஒரு மாதம் விசாரித்த பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்: வேண்டாங்க.

முதலில், எதைத் தூக்குகிறோம் என்று பார்ப்போம். நம் வண்டிகளில் பின் அச்சு ஒரே கட்டை. அதன் நடுவில் குடம் மாதிரி தொங்குகிறதே, டிஃபரன்சியல், அதுதான் வண்டியின் அடியில் ரொம்பத் தாழ்வான இடம். அந்தக் குடத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது டயர். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே பிளாக் வைத்தால் சேஸிஸும் பாடியும் மேலே போகும், குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். களிமண் வழியில் இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே மேடு நிற்கும். வண்டி மாட்டுவது அந்த மேட்டில் குடம் உட்காரும்போதுதான். மூன்று இஞ்ச் தூக்கினாலும் மூன்று இஞ்ச் தூக்காவிட்டாலும் அந்த மேடு அதே குடத்தைத்தான் பிடிக்கும். இதை எனக்கு விளக்கியவர் வாலாஜாபாத் பக்கம் ஒரு பழைய லாரி மெக்கானிக். கிட் விற்கிறவர் யாரும் இதைச் சொல்லவில்லை.

அவரே இன்னும் சிலதும் சொன்னார். சேஸிஸ் மேலே போனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்மானம் கூடும், கிராஸ் சீக்கிரம் போகும். பிரேக் ஹோஸ் இழுத்துக்கொண்டு நிற்கும். முன்பக்கம் நீள ஷாக்கிள் போட்டால் அச்சின் சாய்வு மாறி, தார் ரோட்டில் ஸ்டியரிங் அலைபாயும். முன் அச்சில் பிளாக் வைப்பது இன்னும் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது முழு எடையும் முன்னால் வந்து விழும் இடம் அது, அங்கே பிளாக் நகர்ந்தால் கதை முடிந்தது.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது பின் பிரேக் விஷயம். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு சின்னக் கம்பியும் வால்வும் இருக்கும். சரக்கு ஏறினால் சேஸிஸ் இறங்கும், கம்பி அசையும், வால்வு பின் சக்கரத்துக்கு பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியென்றால் குறைத்துக் கொடுக்கும். நாம் மூன்று இஞ்ச் தூக்கிவிட்டால், ஒரு டன் ஏற்றியிருந்தாலும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். சரக்கோடு சென்னை ரோட்டில் போகும்போது நமக்கு இது தெரிய வரும் என்றால் எந்த நிலையில் தெரிய வரும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கவிழ்வது. கணக்குக்கு, இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1,400 மி.மீ., சரக்கோடு சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 900 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டி ஏறக்குறைய 38 டிகிரி சாய்ந்தால் கவிழும். 75 மி.மீ. தூக்கினால் 36 டிகிரியிலேயே கவிழும். இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் இது ஆடாத அசையாத வண்டிக்கு, காகிதத்தில் போட்ட கணக்கு. வரப்போரத்தில் ஒரு சக்கரம் புதைகிறது, பட்டை ஒரு பக்கம் அமுங்குகிறது, மேலே அடுக்கிய கிரேட் சரிகிறது, நாம் ஸ்டியரிங்கை வேறு ஒடிக்கிறோம். நிஜத்தில் நமக்குக் கிடைக்கும் டிகிரி இதில் பாதிகூட இல்லை.

வங்கியில் இருந்த காலத்தில் வாகனக் கடன் நிறையக் கொடுத்திருக்கிறேன், அதனால் காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரம் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட ஆகலாம். நம் வண்டிகள் மஞ்சள் போர்டு. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் அநேகமாக வருஷா வருஷம்தான். ஒவ்வொரு தடவையும் கிட்டைக் கழற்றி மாட்டுவீர்களா?

"யாரு சார் பாக்கப் போறா?" என்று கேட்பார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், விபத்து நடக்கும்வரை. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி வண்டியைத் தூக்கி ஓட்டினார். மதகுப் பக்கம் வளைவில் சாய்ந்தது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றுமில்லை, தோள் எலும்பு மட்டும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், பிளாக்கைப் படம் எடுத்தார், போனார். கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் என்று க்ளெய்ம் நின்றது. கடன் தவணை நிற்கவில்லை. இரண்டு வருஷம் காய் விற்ற பணம் அதற்கே போனது.

இதெல்லாம் இரும்பு, காகிதம். நமக்குக் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது.

உயரம் ஏற்றியவர் அந்த உயரத்தை எங்கே பயன்படுத்துவார்? வரப்பைத் தாண்டி ஈர வயலுக்குள் இறங்குவார். டயரில் என்ன காற்றழுத்தமோ ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் அது மண்ணை மிதிக்கும். எடை கூடக்கூட அந்த மிதி ஆழமாகப் போகும். ஈர மண்ணில் ஒரே நடையில் இறுகிவிடும். ஐந்து வருஷம் தொழு உரம் போட்டு, பலதானியம் விதைத்து மடக்கி, மண்புழு வரவழைத்து, கையால் அள்ளினால் உதிர்கிற பதத்துக்குக் கொண்டுவந்த மண். அதில் இரண்டு கிரேட் தூக்க அலுப்புப்பட்டு வண்டியை விடுவதா? அந்தத் தடத்தில் அடுத்த போகம் பயிர் குட்டையாக நிற்பதை என் நிலத்திலேயே பார்த்திருக்கிறேன். யூரியா வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை இறக்கினால் என்ன அர்த்தம்?

சரி, சேற்றுக்கு என்னதான் வழி? முதலில் வண்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் கமான் பட்டை தளர்ந்து ஓரிரு இஞ்ச் இறங்கியிருக்கும். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, அச்சுக்கும் மேலே இருக்கும் ரப்பர் குமிழுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, அதே மாடல் புது வண்டியோடு ஒப்பிடுங்கள். எனக்கு வலது பக்கம் ஒன்றரை இஞ்ச் குறைவு. அதே மாடலுக்குரிய புதுப் பட்டை, புஷ், யூ போல்ட் போட்டதில் உயரம் திரும்பி வந்தது. இது பழுது பார்ப்பது, மாற்றம் அல்ல. எஃப்.சி.யிலும் தொல்லையில்லை.

பின் டயர் இரண்டும் கம்பெனி சொன்ன அதே அளவில், ஆழமான பட்டன் உள்ளதாக மாற்றினேன். சேற்று வழியில் காற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து மெதுவாகப் போகிறேன், தார் ரோடு ஏறும் முன் பேட்டரி பம்பில் மறுபடி ஏற்றிவிடுகிறேன். இந்த இரண்டாவது வேலையை மறந்தால் டயர் சூடேறி வெடிக்கும். காலி வண்டிதான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் பின் சக்கரத்தில் எடை இருக்காது. நாலு மூட்டை எருவைப் பின் அச்சுக்கு நேர் மேலே போட்டால் போதும். சாக்கு நாலும் பலகை இரண்டும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஓடும் தண்ணீரில் மட்டும் எந்த வித்தையும் வேண்டாம். இரண்டடி வெள்ளம் பிக்கப்பையே நகர்த்திவிடும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தில் வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலம் சேதமானபோது அக்கரை ஆட்கள் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு உயரமான வண்டி வைத்திருந்து என்ன?

கடைசியாக வழி. என் வயலிலிருந்து தார் ரோடு வரை நடந்து பார்த்தேன். வண்டி மாட்டும் இடம் மொத்தம் 30 அடிதான், ஏரி உபரித் தண்ணீர் குறுக்கே போகும் இடம். அந்த வழியில் நிலம் இருப்பவர்கள் ஆறு பேர். பேசி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவர் "எனக்கு வண்டியே இல்ல, நான் ஏன் குடுக்கணும்?" என்றார், நியாயம்தான், அவர் ஆள் மட்டும் அனுப்பினார். இரண்டு ஹியூம் பைப், மேலே செங்கல் ஜல்லி, அதன் மேல் கிராவல், இரு ஓரமும் தண்ணீர் வடிய வாய்க்கால். தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. தண்ணீர் போகும் பாதையை அடைக்காமல் பைப்பைப் போதுமான அகலத்தில் போடுங்கள், ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வயலுக்குள் இருந்து வரப்பு முனை வரை இப்போது தள்ளுவண்டிதான். பழைய சைக்கிள் சக்கரம் இரண்டு போட்டு ஊர் வெல்டரிடம் செய்தது, ஒரு நடைக்கு நாலு கிரேட் வருகிறது. கார்த்திகை மழையில் மூன்று தடவை அந்த 30 அடியைத் தாண்டினோம். ஓரத்தில் ஓர் இடத்தில் கிராவல் கரைந்திருக்கிறது, தை அறுவடைக்கு முன்னால் இன்னும் அரை லோடு கொட்ட வேண்டும். அதற்கு யார் பணம் தருவது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.