புல்வெளிக்கு எரு, ஓடைக்குத் தீங்கு

ஓடும் ஆற்றின் கரையில் இருந்து உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று அறிவுறுத்தியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறைகளில் மலங்கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் செயல் என்றும் எச்சரித்தார்கள். நீர் எல்லோருக்கும் பொதுவானது. அதில் ஒருவன் செய்யும் தீங்கு, அவன் முகமறியாத பலரையும் சென்று சேரும் என்பதே இப்போதனைகளின் உட்பொருள்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் புறநகர்கள் போன்ற இடங்களில் குடியேறி வாழும் நம் சமுதாயப் பிள்ளைகளை எண்ணியே இதனை எழுதுகிறேன். அங்கே வீட்டின் முன்னும் பின்னும் புல்வெளி உண்டு. இரசாயன உரம் தீது எனக் கருதுவோர், மாட்டெருவும் கோழியெருவும் மூட்டையாக வாங்கித் தூவுகின்றனர். ‘இது இயற்கை உரந்தானே, இதனால் யாருக்கு என்ன கேடு?’ என்பது அவர்தம் வாதம்.

எரு இடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆயினும் ஆகுமான பொருளும் அளவு கடந்தால் தீங்காகி விடும். புல்லுக்கு மிகுதியாக வேண்டுவது தழைச்சத்து. மணிச்சத்து சிறிதளவே போதும். எருவிலோ மணிச்சத்து அந்த அளவுக்கு மேல் இருக்கிறது. தழைச்சத்தைக் கணக்கிட்டு எரு இட்டால், புல் உட்கொள்ளாத மணிச்சத்து ஆண்டுதோறும் மண்ணில் சேர்கிறது. பெருமழையில் அது கரைந்தும் மண்ணோடு அரித்தும் தெருவோர வடிகாலில் இறங்குகிறது. புறநகர்களின் மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதில்லை. நேரே ஓடையில் கலக்கின்றன. அங்கே பாசி பெருகுகிறது. அது மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள பிராணவாயு குன்றி மீன்கள் மாள்கின்றன. நன்கு மக்காத எருவாயின் நோய்க்கிருமிகளும் உடன் செல்கின்றன.

இத்தீங்கு மீன்களோடு நிற்பதன்று. 2014 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரில், ஈரி ஏரியில் பெருகிய பாசியின் நஞ்சு குடிநீரில் காணப்பட்டது. ஏறத்தாழ மூன்று நாட்கள், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய் நீரை அருந்தக் கூடாதெனத் தடுக்கப்பட்டனர். காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. அதற்குப் பெருங்காரணம் வயல்களிலிருந்து வந்த உரமும் எருவுமே. வீட்டுப் புல்வெளிகள் அல்ல. எனினும் தீங்கு செல்லும் வழி ஒன்றே. வயலுக்கு ஒரு நியாயம், வாசலுக்கு ஒரு நியாயம் என்பது இல்லை.

மிகுந்த நீரில் அசுத்தம் விழுந்தால் அதன் நிறமோ, சுவையோ, மணமோ மாறியதா என்று பார்க்கும்படி நம் ஃபிக்ஹு நூல்கள் கற்பிக்கின்றன. ஆடையில் ஒரு துளி நஜீஸ் பட்டாலும் பதறுகிறோம். நம் வாசலிலிருந்து சென்றது ஓர் ஓடையின் நிறத்தையும் மணத்தையும் மாற்றும்போது மட்டும் வாளாவிருக்கிறோம். இது என்ன பேணுதல்?

மேரிலாந்தில் 2011இல் இயற்றப்பட்ட புல்வெளி உரச் சட்டம் 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முதல் நாள் வரை வீட்டார் உரமிடலாகாது. பெருமழை எதிர்பார்க்கப்படும் வேளையிலும், நீர்நிலையை ஒட்டிய 10 முதல் 15 அடிக்குள்ளும் இடலாகாது என்கிறது அது. அபராதத்துக்கு அஞ்சி இதனைப் பேணுவோர் உண்டு. முஸ்லிமோ, பிறர்க்குத் தீங்கிழைக்காதிருப்பது மார்க்கக் கடமை என்பதற்காகவே பேண வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. முதலில் மண்ணைப் பரிசோதித்து, தேவையில்லையேல் எருவைத் தவிர்க்கலாம். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் அதுவே உரமாகும். நடைபாதையில் சிதறியதைக் கூட்டி, மீண்டும் புல்வெளியில் சேர்க்கலாம். அந்நாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கும் புல்வெளிகள் உண்டு. நிர்வாகிகள் அங்கிருந்தே தொடங்கட்டும். ஜும்ஆ பயானில் இமாம்கள் இதனை எடுத்துரைக்கட்டும். அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளுடன் பேசும்போது, தொழுகையைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் இதையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

வானத்தை உயர்த்திய இறைவன் தராசையும் நிலைநிறுத்தினான், அதில் வரம்பு மீறாதீர்கள் என்று அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. அத்தராசு கடைவீதிக்கு மட்டும் உரியதன்று. ஒரு கைப்பிடி எருவுக்கும் உரியது. அளவறிந்து வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.