ஓலை வரும்; எல்லையை யார் நடப்பது?

தொலைவிலிருந்து பணிபுரிதல் என்றதும் மென்பொருள் எழுதுவோரே நம் நினைவுக்கு வருகிறார்கள். விமானத்தின் இறக்கையை வடிவமைக்கும் ஒருவர் வில்லியனூரில் தம் வீட்டு முன்னறையில் அமர்ந்து அவ்வேலையைச் செய்யக்கூடும் என்று சொன்னால், கேட்பவர் புன்னகைக்கிறார். அலுமினியமும் டைட்டானியமும் மின்னஞ்சலில் வருமா என்பதே அந்தப் புன்னகையின் பொருள். கேள்வி நியாயமானதுதான். அதற்கான விடையைத்தான் நாம் இன்னும் சரியாகத் தேடவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்புக்கு வந்தது. வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்காக வரைவும் பகுப்பாய்வும் செய்துகொடுக்கும் பெருநகர அலுவலகங்கள் தம் பொறியாளர்களை வீட்டுக்கு அனுப்பின. அவர்களுள் சிலருக்கு வீடு புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களில் இருந்தது. (கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற சொல். 1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் கைமாறிய பின்னும் அச்சொல் போகவில்லை. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய ஐந்தும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளே.) ஏரிக்கரை ஊர்களில் இருந்துகொண்டு இவர்கள் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். தொற்று தணிந்ததும், வாரத்தில் இத்தனை நாள் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று அழைப்பு வந்தது. போக முடிந்தவர்கள் போனார்கள். முதிய பெற்றோரைப் பேணுகிறவர்களும் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களும் வேலையா வீடா என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர்களானார்கள். ஆகவே இது சொகுசைப் பற்றிய பேச்சு அன்று. நான்காண்டு எந்திரவியல் படித்த ஒருவர் அந்தப் படிப்புக்குரிய தொழிலை ஊரில் இருந்தபடி செய்ய முடியுமா, அல்லது ஊரையோ தொழிலையோ இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டுமா என்பதே கேள்வி.

முதலில் முடிவது எதுவென்று பார்ப்போம். விமானப் பொறியியலில் பெரும்பகுதி வேலை, உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிவது. ஒரு தாங்கியின் எடையைக் குறைத்தால் அது விரிசல் விடுமா? பல்லாயிரம் முறை பளு ஏறி இறங்கினால் உலோகம் எப்போது களைத்துப்போகும்? இரு பாகங்களின் அளவுப் பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்று கூடினால் துளைகள் நேர்படுமா? இவையெல்லாம் கணினியில் கேட்டுக் கணினியில் விடை பெறும் வினாக்கள். மாதிரியுருக் கோப்பு மிகப் பெரியதாயிருப்பதால் அதை யாரும் ஊருக்கு அனுப்புவதில்லை. அது நிறுவனத்தின் சேவைக் கணினியிலேயே கிடக்கிறது. திரையின் படம் மட்டுமே கம்பியில் வந்து போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. பிரான்சின் துலூஸ் நகரம் புதுச்சேரிக்கு 8,000 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கிறது. கம்பி நேர்கோட்டில் போவதில்லை, இடையில் கருவிகளும் உண்டு என்று தாராளமாகக் கூட்டிக்கொண்டாலும், சமிக்ஞை போய்வர ஒரு நொடியின் சிறு பகுதியே ஆகும்.

நேரமும் ஓரளவு ஒத்துழைக்கிறது. அமெரிக்காவுக்கு வேலை செய்கிறவர் இரவைப் பகலாக்கிக்கொள்ள வேண்டும். பிரான்சு குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமுமே பின்தங்கியிருக்கிறது. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல். பாகூரில் காலை வேளையை வயலுக்கும் வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, இரவு உணவுக்கு முன் அன்றைய வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடலாம்.

இன்னும் சொல்லப்போனால், பொறியியல் வரைபடம் என்பதே தொலைவிலிருந்து வேலை செய்வதற்கென்று உண்டானதுதான். 1760-களில் பிரான்சின் மெசியேர் இராணுவப் பள்ளியில் கஸ்பார் மோன்ஞ் என்ற இளைஞர், முப்பரிமாணப் பொருளை இரு தளங்களில் பிழையின்றி வரைந்து காட்டும் முறையைக் கண்டார். கோட்டை கட்டுவதற்கு அது அத்தனை பயன்பட்டதால் பல்லாண்டுகள் இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டது. நூலாக வெளிவந்தது 1799-இல். வரைகிறவன் ஓரிடத்திலும் செதுக்குகிறவன் வேறிடத்திலும் இருக்கலாம் என்ற நிலை இதனால் உறுதிப்பட்டது. இன்று நம் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் போடும் முகப்புத் தோற்றமும் மேற்தோற்றமும் அந்த வழியில் வந்தவையே. போர் விமானம் வடிவமைக்கும் தசோ நிறுவனத்துக்குள் 1977-இல் தொடங்கி வளர்ந்த காட்டியா மென்பொருளும் அந்த மரபின் தொடர்ச்சிதான். பிரெஞ்சுக் கொம்யூனாக இருந்த ஊர் ஒன்றில் அமர்ந்து ஒருவர் அதை இயக்குவதில் வியப்படைய ஒன்றுமில்லை.

அப்படியானால் எல்லாம் வீட்டிலிருந்தே முடியும் என்று கையைத் தட்டிவிடலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தொலைவு பொறியியலை இரண்டு விதமாகக் கெடுத்திருக்கிறது.

முதலாவது, சொல்லாமல் விட்டது. நாசா அனுப்பிய செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் 1999 செப்டம்பர் 23-இல் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டு அலகில் தந்தது. மற்றொரு குழு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. எண்கள் நாலரை மடங்கு வேறுபட்டன. ஒரு குழு கொலராடோவில், மற்றது கலிபோர்னியாவில். கணக்கு எதிலும் தவறில்லை. கணக்கின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு சொல் தவறியது.

இரண்டாவது, தொட்டுப் பார்க்காமல் விட்டது. ஏர்பஸ் 380 விமானத்தின் பின்பகுதி ஜெர்மனியின் ஆம்பர்க்கில் உருவாகித் துலூசில் இணைக்கப்பட்டது. ஓர் ஊரில் காட்டியாவின் பழைய பதிப்பு, மற்ற ஊரில் புதிய பதிப்பு. கம்பிகள் எவ்வளவு வளையும், வளைந்தால் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை இரண்டும் ஒன்றுபோலச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி செல்லும் விமானத்தில், இணைக்கும் இடத்துக்கு வந்தபோது கம்பிக்கட்டுகள் எட்டவில்லை. 2006-இல் அறிவிக்கப்பட்ட தாமதங்கள் நிறுவனத்தையே உலுக்கின. முதல் விமானம் வாடிக்கையாளர் கைக்குச் சென்றது 2007 அக்டோபரில். திரையில் பொருந்திய பொருள் கையில் பொருந்தவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச் 20 அன்று, செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டி வாகனத்தின் குழுவினர் முதன்முறையாக அனைவரும் தத்தம் வீட்டிலிருந்தபடியே அதன் பணியைத் திட்டமிட்டனர். நிலப்பரப்பை முப்பரிமாணத்தில் பார்க்க ஆய்வகத்தில் இருந்த உயர்தரக் கண்ணாடிகள் வீட்டுக் கணினியில் இயங்கா. ஆகவே சிவப்பும் நீலமுமான எளிய கண்ணாடியை வைத்துச் சமாளித்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை வீட்டிலிருந்து செலுத்த முடியுமென்றால் பாகூரிலிருந்து முடியாதா என்று கேட்கத் தோன்றும். கேட்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாகனத்துக்குக் கலிபோர்னிய ஆய்வகத்தில் ஓர் இரட்டை இருக்கிறது. 2016 டிசம்பரில் செவ்வாயில் துளைக்கருவி பழுதானபோது, பொறியாளர்கள் இந்த இரட்டையை வைத்தே புதிய முறையைப் பழகிப் பார்த்தார்கள். 2018-இல் துளைப்பு மீண்டும் தொடங்கியது. தொலைவை வென்றது கம்பி மட்டும் அன்று. தொட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒரு பொருள் இருந்ததும் காரணம்.

இந்தப் பாடம் பாகூருக்குப் புதிதில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஆணை அரசனிடமிருந்து தொலைவைக் கடந்து ஓலையாக வந்தது. ஆனால் ஓலை வந்ததாலேயே கொடை நிறைவேறிவிடாது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தார்கள். பல்லவர் காலக் கொடைகளில் நாட்டார் கூடி, எல்லையை நடந்து சுற்றி, கல்லும் கள்ளியும் நட்ட பிறகே நிலம் கைமாறும் வழக்கம் இருந்தது. ஓலையில் சொற்கள் பிசகின்றி இருக்கவேண்டும். தரையில் ஒருவர் நடக்கவேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் வழக்கு வரும். தொலைவிலிருந்து செய்யும் பொறியியலுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் நமக்குத் தெரியவில்லை.

ஆகவே எம் கட்சி இதுதான்: அலுவலகத்திலிருந்து தொலைவில் இருப்பது பொறியாளருக்குக் கேடு அன்று, பொருளிலிருந்து தொலைவில் இருப்பதே கேடு. எல்லோரையும் நகரத்துக்குத் திரும்ப அழைக்கும் நிறுவனங்கள் முதல் தொலைவைக் குறைத்துவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகின்றன. பெருநகரத்தின் குளிரூட்டிய மாடியில் அமர்ந்திருப்பவரும் தாம் வரைந்த தாங்கியைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மாறாக, வரவே வேண்டாம் என்று சொல்லும் நிறுவனங்கள் வாடகையை மிச்சப்படுத்துகின்றன. பொறியாளரின் கைப்பழக்கம் தேய்வதை அவை கணக்கில் எழுதுவதில்லை.

வில்லியனூரின் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்பது அங்குள்ள குயவர்களுக்கு விரல்நுனிப் பாடம். சுருக்கத்துக்கு இடம்விட்டே பொம்மையைப் பெரிதாக வனைவார்கள். வார்ப்படத் தொழிலில் பொறியாளர் சுருக்கத்துக்கு இடம்விடுவதும் அதே அறிவுதான். அது புத்தகத்தில் ஓர் எண்ணாக இருக்கிறது. கையில் பட்டால்தான் புத்தியில் ஏறுகிறது. அந்தக் கைப்பழக்கத்துக்கு வேண்டிய இடங்களும் நம் கொம்யூனில் இல்லாமல் இல்லை. வில்லியனூர்ப் பக்கத்துச் சேதராப்பட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. வயலுக்கும் கடைசல் பட்டறைக்கும் இடையே சில கிலோமீட்டரே இருக்கும் இத்தகைய இடம் பெருநகரத்தாருக்கு வாய்க்காதது.

மறுப்புகள் வரும். பாதுகாப்புத் துறைக்கான வரைபடங்களை வீட்டில் திறக்க முடியாது என்பார்கள். உண்மை. அமெரிக்கச் சட்டப்படி, ஆயுதத் தொழில்நுட்பத் தரவை அயல்நாட்டவர் ஒருவருக்குத் திரையில் காட்டுவதே ஏற்றுமதியாகக் கருதப்படும். அந்த வேலைகள் பூட்டிய அறையிலேயே நடக்கட்டும். பயணிகள் விமானத்திலும் மற்ற எந்திரங்களிலும் அத்தகைய பூட்டுத் தேவையில்லாத வேலை ஏராளம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பார்கள். இது இன்னும் கனமான மறுப்பு. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, ஒரே நாளில் 48 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக் கணினியும் இணைய இணைப்பும் எதற்கும் உதவா.

இவ்விரு மறுப்புகளுக்கும் ஒரே விடை இருக்கிறது: வீட்டையும் நகரத்து அலுவலகத்தையும் தவிர மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். கொம்யூனுக்கு ஒன்று போதும். மேட்டுநிலத்தில் ஒரு கட்டடம், மாற்று மின்சாரம், இரண்டு வழிகளில் வரும் இணைய இணைப்பு, பூட்டக்கூடிய ஓர் அறை. அவற்றோடு ஒரு கடைசல் எந்திரம், ஓர் அளவை மேசை, ஒரு முப்பரிமாண அச்சு எந்திரம். இவற்றுள் பல எந்திரங்கள் நம் பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வகுப்பு முடிந்ததும் பூட்டிக் கிடப்பவைதான். பொறியாளர் தாம் வரைந்த பாகத்தை மாதம் ஒருமுறையாவது பிளாஸ்டிக்கிலேனும் செய்து கையில் உருட்டிப் பார்க்கட்டும். ஆண்டுக்குச் சில வாரங்கள் அது உண்மையில் உருவாகும் தொழிற்கூடத்துக்கு நிறுவனமே தன் செலவில் அழைத்துச் செல்லட்டும். அந்தச் செலவு, ஒருவரை ஆண்டு முழுவதும் நகரத்தில் கட்டிவைப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று, இலக்கியம் பேசும் நம்மைத் தொட்டது. அருகிலிருந்தால் விரலை நீட்டிக் காட்டிவிடலாம். தொலைவிலிருப்பவர் எழுதித்தான் காட்ட வேண்டும். எந்தத் திருகு, எந்தப் பக்கம், எந்த அலகு, எந்தப் பதிப்பு என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதத் தெரிந்தவரே தொலைவில் நிலைப்பார். நம் பொறியியல் கல்வி இதைக் கற்றுத் தருவதில்லை. மொழிப்பாடம் தேர்ச்சி பெற்றதும் மறக்கவேண்டிய பாடம் என்றே மாணவர் எண்ணுகிறார்கள். கவிஞர் வாணிதாசன் பிறந்த வில்லியனூரில் சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கையாளும் மரபு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. எழுதும் மொழி ஆங்கிலமோ பிரெஞ்சோ தமிழோ, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருக்கும்படி எழுதும் ஒழுக்கம் ஒன்றுதான்.

ஊரில் இருந்து வேலை செய்கிறவரை, வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான் என்று அக்கம்பக்கம் பேசும் காலம் கழிந்துவருகிறது. அதே பிள்ளை ஒருநாள் பட்டறையிலிருந்து தான் வரைந்த பாகத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தால், அந்தப் பேச்சு முற்றாக நின்றுபோகும். ஓலையை அனுப்பக் கம்பி வந்துவிட்டது. எல்லையை நடப்பதற்கு வழி செய்துகொடுப்பது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய வேலை. நடக்கச் சம்மதிப்பது பொறியாளருக்கு உரியது.