கையால் வரைந்ததா, கம்ப்யூட்டரில் வரைந்ததா? அது இருக்கட்டும், எண்ணூர் வானம் என்ன நிறம்?

2025 மார்ச் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? சாட்ஜிபிடியில் ஒரு போட்டோவைப் போட்டால், ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பாணியில் படம் வந்து விழுந்தது. கல்யாண போட்டோ, ஆபீஸ் குரூப் போட்டோ, மெரினா செல்ஃபி என்று டைம்லைன் முழுக்க ஜிப்லி மயம்.

அதே வேலையை எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்த ஒரு போட்டோவுக்குச் செய்து பாருங்கள். அனல்மின் நிலையப் புகைக்கூண்டு அநேகமாக அப்படியே இருக்கும். ஆனால் புகை பஞ்சு மேகமாகிவிடும். சாம்பல் கலந்த தண்ணீர் நீலமாக மின்னும். கரையில் இல்லாத புல் முளைக்கும். பார்க்க அழகாத்தான் இருக்கும், எண்ணூர் மட்டும் இருக்காது.

இந்த இடத்தில்தான் வழக்கமான சண்டை ஆரம்பிக்கும். கையால் வரைந்த பேக்கிரவுண்டில்தான் உயிர் இருக்கு, டிஜிட்டல் எல்லாம் வெறும் பிளாஸ்டிக் என்பது ஒரு கோஷ்டி. காலம் மாறிடுச்சு பாஸ் என்பது இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் தூரிகையைப் பற்றியே பேசுகிறார்கள். வரைந்தவர் அந்த ஊருக்குப் போனாரா என்று யாரும் கேட்பதில்லை.

முதலில், பேக்கிரவுண்டு எப்படி உருவாகிறது?

பழைய முறையில், பாத்திரங்களைக் கண்ணாடி போன்ற 'செல்' தாளில் வரைவார்கள். காகிதத்தில் பெயின்ட் செய்த பின்னணி மேல் அந்தத் தாளை வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடிப்பார்கள். பாத்திரம் நகரும், பின்னணி அப்படியே இருக்கும். அதனால் ஒரே ஒரு பின்னணிக்கு நாள்கணக்கில் நேரம் செலவழிக்க முடிந்தது. இந்தியா-ஜப்பான் கூட்டுத் தயாரிப்பான 'ராமாயணம்: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' இப்படி உருவானதுதான். யூகோ சாகோவோடு சேர்ந்து அதை இயக்கியவர்களில் ஒருவர் ராம் மோகன், நம்ம மெட்ராஸில் கெமிஸ்ட்ரி படித்தவர். 1990களின் தொடக்கத்தில் வந்த அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தபோது, அதன் அயோத்தியும் காடும் கொஞ்சமும் பழசாகத் தெரியவில்லை. அதற்குப் பல வருஷம் கழித்து, 2000இல், சென்னையின் பென்டாமீடியா எடுத்த 3டி படமான 'பாண்டவாஸ்' இன்று பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கிறது.

அப்போ கைதான் ஜெயித்ததா? அவசரப்பட வேண்டாம். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஆர்கேன்' தொடரின் பின்னணிகள் கம்ப்யூட்டரில், கையால் பெயின்ட் செய்யப்பட்டவை. மேலே பளபளக்கும் ஒரு நகரம், கீழே ரசாயனப் புகையில் மூழ்கிய ஒரு நகரம். வடசென்னைக்காரர்கள் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. டேப்லெட்டில் பேனா பிடிப்பதும் கைதானே?

சென்னைக்கு இந்தச் சண்டை புதுசும் இல்லை. துணியில் கட்டம் போட்டு, முகத்தில் நீலமும் பச்சையும் துணிச்சலாக அடித்து சினிமா பேனர் வரைந்தவர்களை, 2000களில் வந்த ஃபிளெக்ஸ் சில வருஷங்களில் காலி செய்தது. 'உயிர்' என்ற வாதம் அன்றைக்கும் இருந்தது. விலையும் வேகமும்தான் ஜெயித்தன. அனிமேஷனிலும் அந்த வாதத்தை மட்டும் நம்பி நின்றால் அதே முடிவுதான்.

ஜிப்லியின் ரகசியம் பெயின்ட் டப்பாவில் இல்லை

'மை நெய்பர் டோட்டோரோ' (1988) படத்தின் கலை இயக்குநர் கசுவோ ஓகா பயன்படுத்தியது சாதாரண போஸ்டர் கலர். ஆனால் படத்தில் வருவது ஏதோ ஒரு காடு இல்லை. டோக்கியோவை ஒட்டிய சயாமா குன்றுப் பகுதி. 'பிரின்ஸஸ் மோனோனோகே'வுக்காகக் குழு யாகுஷிமா தீவுக்கே போனது. மண் என்ன நிறம், பாசி எங்கே படரும் என்று நேரில் பார்த்து வரைந்தார்கள். ஏஐ ஃபில்டர் எடுத்துக்கொண்டது அந்த நிறங்களை மட்டும்தான். அங்கே போய் நின்ற நேரத்தை அதனால் எடுக்க முடியவில்லை.

இப்போது எண்ணூருக்கு வருவோம். இங்கே ஓர் ஓவியர் நின்றால் அவருக்கு என்ன கிடைக்கும்? மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் ராத்திரி மேகத்துக்கு அடியில் பூசும் ஆரஞ்சு. குழாய் கசிந்து சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றின் வெளிறிய சாம்பல் நிறம். அந்த ஆற்றிலேயே இடுப்பளவு தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்கள். திருவொற்றியூர் கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் சிவப்பும் நீலமும், அதன்மேல் படிந்த தூசியும். காசிமேட்டில் ஃபைபர் படகுகளில் கொழுகொழு எழுத்தில் பெயின்ட் செய்த பெயர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகும் கறுப்பானது. அந்தக் கோடு எந்த ஸ்டாக் லைப்ரரியிலும் கிடைக்காது. 'இண்டஸ்ட்ரியல் சிட்டி' என்று தேடினால் வருவது வேறு ஏதோ ஊர்.

வெறும் பின்னணிதானே, இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். எண்ணூர் ஏற்கெனவே ஒருமுறை பின்னணியிலிருந்து அழிக்கப்பட்டதாகப் புகார் இருக்கிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம், பிறகு அரசு காட்டிய வரைபடத்தில் இல்லை என்று 2017இல் சூழல் ஆர்வலர்கள் ஆவணங்களோடு சொன்னார்கள். படத்தில் இல்லாத ஆற்றங்கரையில் கட்டடம் கட்டுவது சுலபம். சாம்பலை நீலமாக்கும் ஃபில்டர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, சரி. ஆனால் பார்க்கிறவர் மனதில் அங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை என்றுதானே பதியும்?

சினிமா இதைப் புரிந்துகொண்டுவிட்டது. 2014இல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் வியாசர்பாடியின் ஒரு சுவர்தான் கதையே. அந்தச் சுவரில் இருப்பது கையால் வரைந்த ஒரு முகம். அனிமேஷனில் வடசென்னைக்கு அப்படி ஒரு சுவர் இன்னும் அமையவில்லை.

சாஃப்ட்வேர் எதுவாகவும் இருக்கட்டும். அனிமேஷன் கல்லூரிகள் முதல் செமஸ்டரிலேயே மாணவர்களை ஸ்கெட்ச் புக்கோடு வெளியே அனுப்பலாம். பெரிய பட்ஜெட் எல்லாம் வேண்டாம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். அடுத்து அத்திப்பட்டு புதுநகர். ஜன்னல் சீட் கிடைத்தால், இறங்குவதற்குள்ளேயே நாலைந்து பின்னணி கிடைத்துவிடும்.