விடைபெறுவோர்க்கு ஒரு நன்றி

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது முதுமொழி. ஒருவர் நம்மோடு இருக்கும்வரை அவருடைய குறைகளே நம் கண்ணில் படுகின்றன. அவர் படியிறங்கிப் போகும்போதுதான் அவர் செய்த நன்மைகள் நினைவுக்கு வருகின்றன. வீட்டிலும் பள்ளியிலும் நாம் காண்பது இதுவே. அரசியலிலோ இதற்கும் ஒரு தடை எழுகிறது. "தேர்தல் வரும் வேளையில் மாற்றுக் கட்சிக்காரரைப் புகழலாமா?" என்று கேட்கிறார்கள்.

இவ்வாண்டு எங்கள் இலக்கிய மன்றத்தில் இதனையே விவாதப் பொருளாக எடுத்துக்கொண்டோம். தேர்தலுக்கு முன்னே ஓய்வு பெறும் அரசியல்வாதிகளைப் பாராட்டுவது முறையா? முறையே என்பது எங்கள் முடிவு. அம்முடிவுக்கு நாங்கள் வந்த வழியைத் தோழியர் முன் வைக்கிறோம்.

நமது நாடாளுமன்றத்தின் மாநிலங்களவை கலைக்கப்படுவதே இல்லை. ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். அவர்களுக்குக் கட்சி பாராமல் அவையிலேயே விடைகொடுத்துப் பேசுவது நல்லதொரு மரபு.

2024 பிப்ரவரி 8ஆம் நாள் அவ்வாறு ஒரு விடைகொடுப்பு நடந்தது. பொதுத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவுக்கு அன்று ஏறக்குறைய பத்து வாரங்களே இருந்தன. ஓய்வு பெறுவோருள் டாக்டர் மன்மோகன் சிங்கும் ஒருவர். 1991இல் நிதியமைச்சரானவர், 2004 முதல் 2014 வரை பத்தாண்டுகள் பிரதமராக இருந்தவர், 2019இல் இரண்டு மாத இடைவெளி நீங்கலாக, 1991 முதல் அந்த அவையிலேயே அமர்ந்திருந்தவர். அவரைப் பாராட்டிப் பேசியவர் பிரதமர் நரேந்திர மோடி. இருவரும் ஒருவரையொருவர் கடுமையாக விமர்சித்தவர்கள் என்பதை நாடே அறியும். 2016இல் பணமதிப்பிழப்பு நடவடிக்கையை அதே அவையில் மன்மோகன் சிங் வன்மையாகச் சாடியிருந்தார்.

பிரதமர் அன்று நினைவுகூர்ந்தது ஒரு சிறு நிகழ்ச்சியை. 2023 ஆகஸ்டில் தில்லி நிர்வாகம் பற்றிய மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. அது நிறைவேறும் என்பது முன்பே தெரிந்ததுதான். 131 வாக்குகள் ஆதரவாகவும் 102 வாக்குகள் எதிராகவும் விழுந்தன. ஆயினும் தொண்ணூறு வயதைக் கடந்த மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்து, அரசுக்கு எதிராகத் தம் வாக்கை அளித்துச் சென்றார். யாருக்கு வலுச்சேர்க்க வந்தார் என்பதன்று, அவர் வந்ததே மக்களாட்சிக்கு வலுச்சேர்த்தது என்ற கருத்தில் பிரதமர் பேசினார். தமக்கு எதிராக விழுந்த ஒரு வாக்கைப் போற்றுவது எளிதா, தோழியரே?

அதே நாளில் மக்களவையில் நடந்தது வேறு. மன்மோகன் சிங் ஆட்சியின் பொருளாதார நிர்வாகத்தைக் குறைகூறும் வெள்ளை அறிக்கையை அரசு தாக்கல் செய்தது. காங்கிரசும் அன்றே ஒரு கறுப்பு அறிக்கையை வெளியிட்டது. ஓர் அவையில் புகழுரை, மற்றோர் அவையில் குற்றச்சாட்டு! இது முரண்பாடு என்று எங்களில் சிலர் வாதிட்டனர். எண்ணிப் பார்த்தால் இதில் தவறில்லை. ஒருவருடைய கொள்கையை மறுப்பது வேறு, அவர் கடமையில் நின்றதை மதிப்பது வேறு. இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடிவதுதான் மக்களாட்சியின் அழகு.

ஆனால் அந்த இனிமை நிலைக்கவில்லை. ஏப்ரலில் தேர்தல் மேடைகள் சூடேறியபோது, மன்மோகன் சிங் 2006இல் பேசிய பேச்சொன்று அவருக்கும் அவர் கட்சிக்கும் எதிராகவே எடுத்தாளப்பட்டது. மே 30 அன்று அவர் பஞ்சாப் வாக்காளர்களுக்கு எழுதிய கடிதத்தில், பிரதமரின் தேர்தல் பேச்சுகளைக் கண்டித்திருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள், 92ஆம் வயதில், அவர் மறைந்தார். பிப்ரவரியில் சொன்ன நல்ல சொல் மே மாதம் வரை தாங்கவில்லையே என்று எங்களுக்கு வருத்தமாக இருந்தது. புகழுரையின் உண்மையான தேர்வு அதைச் சொன்ன மறுநாள்தான் தொடங்குகிறது போலும்!

கடலுக்கு அப்பாலும் இம்மரபு உண்டு. பிரிட்டனில் 2024 ஜூலை 4 அன்று தேர்தல் என்று மே 22ஆம் நாள் அறிவித்தார்கள். மே 24 அன்று, தேர்தலுக்கு முன் பொதுச்சபை கடைசியாகக் கூடிய நாளில், மீண்டும் போட்டியிடாத உறுப்பினர்கள் விடைபெற்றுப் பேசினர். முன்னாள் பிரதமர் தெரசா மே 27 ஆண்டு உறுப்பினர் வாழ்வை முடித்துக்கொண்டார். மாற்றுக் கட்சியான தொழிற்கட்சியின் ஹாரியட் ஹார்மனும் அந்தப் பாராளுமன்றத்தோடு விலகினார். 1982இல் இடைத்தேர்தலில் வென்று, வயிற்றில் குழந்தையோடு சபைக்குள் நுழைந்தவர் அவர். அந்நாளில் அங்கே நூற்றுக்கு மூவர் அளவிலேயே பெண்கள் இருந்தனர். 2024 தேர்தலில் வென்ற பெண்கள் 650 பேரில் 263 பேர். இந்தப் பாதையை அகலமாக்கியவர்களுக்கு, அவர்கள் எந்தக் கட்சியினராயினும், நன்றி சொல்லாமல் இருக்கலாமா?

"அப்படியானால் போகிறவர் எல்லாரையும் புகழ வேண்டுமா? தவறு செய்தவரையுமா?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. பாராட்டு என்பது வெள்ளையடிப்பது ஆகாது. செய்த ஒன்றைச் சுட்டிச் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியைச் சொன்னதுபோல. சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் 'நலமாக வாழ்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. 'அவர் நல்லவர், அவர் கட்சிதான் பொல்லாதது' என்பது புகழ்ச்சியைப் போல ஒலிக்கும். உண்மையில் அது வாக்குச் சேகரிப்பு. போகிறவரை உயர்த்துவதுபோல் இருப்பவரைத் தாழ்த்துவது நன்றியாகாது.

ஊரைப் பற்றிப் பேசிவிட்டு எங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. எங்கள் பள்ளியில் மாணவர் தலைவியைப் பிப்ரவரியில் தேர்ந்தெடுப்பது வழக்கம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிலிருந்து இருவர் போட்டியிட்டனர். இரு சாராரும் மேடையேறி, "இதுவரை ஒன்றுமே நடக்கவில்லை, நாங்கள் வந்தால் எல்லாம் நடக்கும்" என்று முழங்கினோம். பதவி முடியும் தலைவி அக்கா முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இடைவேளைதோறும் தண்ணீர்த் தொட்டியருகே நின்று சிறுபிள்ளைகளை வரிசைப்படுத்தியவர் அவர். மழை நாட்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேருந்து வரும்வரை உடன் இருந்தவரும் அவரே. அவருக்கு நன்றி என்று ஒரு சொல்கூட எங்கள் வாயில் வரவில்லை. வாக்கெடுப்பு முடிந்ததும் மன்ற அறையின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அமைதியாகப் போனார். மறுநாள் எங்கள் வரலாற்று ஆசிரியை, "ஒன்றுமே நடக்கவில்லையா? ஆண்டு முழுவதும் நீங்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் தண்ணீர் குடித்தது எப்படி?" என்று கேட்டார்கள். தலை நிமிர முடியவில்லை. அந்த அக்காவுக்கு இந்த மலரின் வழியாக, காலம் கடந்தாயினும், நன்றி சொல்கிறோம்.

அந்த வெட்கம் வீண்போகவில்லை. இவ்வாண்டு தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் ஒரு விண்ணப்பம் வைத்தோம். போட்டியிடும் ஒவ்வொருவரும் பேசத் தொடங்குமுன், விடைபெறும் தலைவி செய்த ஒரு நற்செயலைச் சொல்ல வேண்டும் என்பதே அது. இசைவளித்தார்கள். இம்முறை விடைபெற்றவள் எங்கள் வகுப்புத் தோழி. அவளுக்கு வாக்களிக்காத ஒரு தங்கைதான், நூலகத்தை மதிய வேளையிலும் திறந்து வைக்க அவள் அனுமதி வாங்கித் தந்ததை நினைவோடு சொன்னாள். தோழியின் கண்கள் கலங்கின.

இன்னும் ஓராண்டில் எங்களில் பலருக்கு 18 வயது நிறையும். வாக்குச்சீட்டு நம் கையில் வரும். யாரை அமர்த்துவது என்று எண்ணும்போதே, எழுந்து போகிறவரையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். வருகிறவருக்கு மாலை, போகிறவருக்கு மறதி என்றிருந்தால் நல்லவர்கள் எவர் பொதுவாழ்வுக்கு வருவார்? விடைபெறுவோர்க்கு நன்றி சொல்லவும், சொன்ன நன்றியைத் தேர்தல் முடியும்வரை காக்கவும் இன்றே பழகுவோமாக!

— மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்