வடிகலம் பிறகு, முதலில் ஒரு பீப்பாய்

"அக்கா, ஓன்லைனில் ஒரு குட்டிச் செம்பு வடிகலம் பார்த்தேன். ரெண்டு லீட்டர்தான். அப்பிள் வாங்கி வீட்டிலேயே ஷ்னாப்ஸ் வடிச்சுப் பார்க்கலாமா?"

இப்படிக் கேட்கிற தம்பி தங்கச்சிமார் கூடிக்கொண்டு வருகிறார்கள். புளிச்ச மாவில் பாண் சுடுகிறவர்கள், கொம்புச்சா ஊறப் போடுகிறவர்கள், கோப்பிக் கொட்டையைத் தாங்களே வறுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கையால் ஒரு பொருளைச் செய்து பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். அதனால் "ஐயோ, சாராயமா?" என்று வாயடைக்காமல் என் கருத்தை நேரே சொல்கிறேன்: வடிகலம் வாங்காதீர்கள். ஒரு பீப்பாய் வாங்குங்கள். ஊறலை நீங்கள் போடுங்கள். வடிப்பதை உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

நான் சுவிஸில் இருக்கிறபடியால் இந்த நாட்டுக் கணக்கிலேயே எழுதுகிறேன். மற்ற நாடுகளைப் பற்றியும் இடையில் சொல்கிறேன். ஒன்றை முதலே சொல்லிவிட வேண்டும். இங்கே பியர், வைன் 16 வயதில் வாங்கலாம். வடித்த மதுவுக்கு 18 ஆக வேண்டும். 18 ஆகாதவர்கள் இதை ஒரு இரசாயனப் பாடமாக வாசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

வைனும் பியரும் வீட்டில் செய்யலாம் என்றால் வடிப்பதும் அப்படித்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. சுவிஸில் குடிக்கிற மதுசாரம் வடிக்க உரிமம் வேண்டும். "சின்னப் பாத்திரம்தானே, எனக்கு மட்டும்தானே" என்ற சமாதானம் செல்லாது. ஜேர்மனியில் 2017 முடியும் வரை அரை லீட்டர் பாத்திரத்தில் வீட்டில் வடிக்க இடம் இருந்தது. 2018 ஜனவரி 1 முதல் அதுவும் நின்றுவிட்டது. யூடியூபில் பழைய ஜேர்மன் வீடியோக்களைப் பார்த்து நம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். சொந்தப் பாவனைக்கு வீட்டில் வடிக்கலாம் என்று 1996 இல் சட்டம் மாற்றிய நியூசிலாந்து இதில் ஒரு விதிவிலக்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வரிக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சுவிஸின் ஏழைக் குடும்பங்களை மலிவான உருளைக்கிழங்குச் சாராயம் அழித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் 1887 இல் கூட்டாட்சி அரசு அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. பழத்தில் வடிப்பது அப்போது தப்பிவிட்டது. 1932 ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. அமைதியாகத் தெரிகிற இந்த நாட்டுக்கும் குடியால் பட்ட காயம் இருக்கிறது. அதன் தழும்புதான் இந்தச் சட்டம்.

ஆனால் அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கூலிக்கு வடித்துக் கொடுக்கிற வடிசாலைகள் ஊர்ப்புறங்களில் இருக்கின்றன. ஜேர்மன் பேசும் பகுதியில் 'லோன்பிரென்னர்' என்று தேடுங்கள். உங்கள் சொந்த மரத்துப் பழம், அல்லது நீங்களே பொறுக்கிய காட்டுப் பழம் என்றால், ஊறலைக் கொண்டுபோய்க் கொடுத்து உங்கள் சாராயத்தைப் போத்தலில் வாங்கி வரலாம். வரிக்கடுதாசி வீட்டுக்கு வரும். ஜேர்மனியிலும் இதுபோல ஒரு ஏற்பாடு உண்டு: பழமரம் வைத்திருப்பவர் வருடத்துக்கு 50 லீட்டர் தூய மதுசாரம் வரை வடிப்பித்துக்கொள்ளலாம். பிரான்ஸிலும் பழமரச் சொந்தக்காரருக்கு நெடுங்கால உரிமை இருக்கிறது.

இங்கே வரி எவ்வளவு? தூய மதுசாரம் ஒரு லீட்டருக்கு 29 பிராங்க். நல்ல செரிப்பழ ஊறல் 100 லீட்டரில் ஏறக்குறைய 5 லீட்டர் தூய மதுசாரம் வரும் என்று வையுங்கள். அதை 42 சதவீதத்துக்குத் தண்ணீர் சேர்த்து இறக்கினால் கிட்டத்தட்ட 12 லீட்டர், 7 டெசிலீட்டர் போத்தலில் 17 போத்தல். வரி 145 பிராங்க். ஒரு போத்தலுக்கு எட்டரை பிராங்க். அதோடு வடிசாலைக் கூலி. ஒரு இரவு சூரிச்சில் வெளியே போனால் இதைவிடக் கூடச் செலவாகும்.

மெதனோல் கதையும் உண்மையான ஆபத்தும்

"முதலில் வருகிற கொஞ்சத்தை ஊற்றிவிட்டால் மெதனோல் போய்விடும், பிறகு பயமில்லை." இணையத்தில் எல்லோரும் எழுதுகிற வசனம் இது. பாதிதான் சரி.

மெதனோல் 64.7 பாகையிலும் எதனோல் 78 பாகைக்குச் சற்று மேலேயும் கொதிக்கும். அதனால் மெதனோல் முதலிலேயே ஓடிவிடும் என்று தோன்றும். ஆனால் ஊறலில் தண்ணீரும் எதனோலும் மெதனோலும் கலந்தே கிடக்கின்றன. சாதாரண வடிகலத்தில் மெதனோல் தொடக்கம் முதல் முடிவு வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். முதலில் வரும் 'தலை'யில் கூடுதலாக இருப்பது பசை மணக்கிற எதைல் அசிற்றேற்று, மூக்கைக் குத்துகிற அசிற்றல்டிகைட்டு போன்றவை. அதைக் கட்டாயம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை ஒதுக்கியதால் மெதனோல் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

பழத்தில் மெதனோல் எங்கிருந்து வருகிறது? ஜாம் இறுகுவதற்குக் காரணமான பெக்ரின் உடையும்போது வருகிறது. ஆகவே எல்லாப் பழச் சாராயத்திலும் கொஞ்சம் இருக்கும். ஒழுங்காகச் செய்ததில் அந்த அளவு ஆளைக் கொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் பழவகைக்கு ஏற்ப அதற்கு ஓர் உச்ச அளவும் வைத்திருக்கிறது. மனிதர் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: தொழிற்சாலை மெதனோலை யாரோ சாராயம் என்று விற்பதால். 2012 இல் செக் நாட்டில் அப்படித்தான் நடந்தது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் மெதனோல் கலந்த சாராயத்தால்தான். அதே வருடம் நவம்பரில் லாவோஸில் ஆறு சுற்றுலாப் பயணிகள் மெதனோல் நஞ்சேறி இறந்தார்கள். அவர்களில் சிலருக்கு உங்கள் வயது.

அப்படியென்றால் அடுப்படியில் வடிக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே முதல் ஆபத்து நெருப்பு. மூட்டு ஒன்று கசிந்தால், தண்ணீர் நின்று குளிர்விப்பான் சூடேறினால், பழச்சக்கை குழாயை அடைத்தால், மதுசார ஆவி அறைக்குள் வரும். அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தீப்பொறி போதும். நம்மில் பலர் இருப்பது நாலாம் மாடி வாடகை வீட்டில். கீழே ஒரு குழந்தை, மேலே ஒரு வயோதிபர். மாடிவீட்டில் இருக்கிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. இன்னொன்று: மலிவுப் பாத்திரத்தின் ஒட்டில் ஈயம் இருக்கிறதா, அந்த இறப்பர் வளையம் சூடான மதுசாரத்தைத் தாங்குமா என்று அந்த விற்பனைப் பக்கம் சொல்லாது.

சுவை பீப்பாயில்தான்

சட்டத்தையும் நெருப்பையும் விட எனக்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தொடக்கக்காரருக்கு வடிகலம் எதையும் கற்றுத் தராது. வடித்தல் என்பது ஊறலில் இருப்பதைப் பிரித்து எடுப்பது மட்டுமே. ஊறலில் நல்ல மணம் இல்லை என்றால் எந்தச் செம்புப் பாத்திரமும் அதைக் கொண்டுவராது. ஊறல் கெட்டிருந்தால் அந்தக் கெடுதல் இன்னும் செறிந்து வரும்.

ஊறல் போடுவது ஒரு முழுத் தொழில். ஜாமுக்குக் கொடுக்கிற அடிபட்ட பழத்தை இதற்கும் போடலாம் என்ற எண்ணத்தை விடுங்கள். கையில் எடுத்துச் சாப்பிட ஆசை வருகிற, நன்றாகப் பழுத்த பழம் வேண்டும். அழுகல், பூஞ்சணம், காம்பு, இலை எல்லாம் வெளியே. பழத்தைக் கழுவி நசியுங்கள். செரி, பிளம் போன்றவற்றில் கொட்டை உடையக் கூடாது. உடைந்தால் அதிலிருந்து சயனைட்டுச் சேர்வை வரும். அது பிறகு எதைல் காபமேற்று என்ற வேண்டாத பொருளாகவும் மாறும். பழத்தோலில் இருக்கிற காட்டு ஈஸ்ட்டை நம்பாமல் நல்ல ஈஸ்ட் வாங்கிப் போடுங்கள். பேயார்ஸ் போன்ற புளிப்புக் குறைந்த பழத்துக்கு அமிலம் சேர்த்து பிஎச் அளவை 3 க்குச் சற்று மேலே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பற்றீரியா முந்திவிடும். மூடியில் வாயு வெளியேறும் பூட்டு வையுங்கள். 15 முதல் 20 பாகைக்குள் இருக்கிற, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நொதிக்கும்போது வருகிற காபனீரொட்சைட்டு மூடிய நிலவறையில் தேங்கினால் ஆளை மயக்கிவிடும்.

பிறகு காத்திருங்கள். இரண்டு மூன்று கிழமை தினமும் மணந்து பாருங்கள். முதல் நாள் பழம், மூன்றாம் நாள் பாண், பத்தாம் நாள் வைன். வினாகிரி மணத்தால் எங்கேயோ காற்றுப் போகிறது. இந்த மூக்குப் பயிற்சியை எந்தப் பாத்திரத்தையும் காசு கொடுத்து வாங்கிப் பெற முடியாது.

நொதித்து முடிந்ததும் ஊறலை வைத்திருக்காமல் வடிசாலைக்குக் கொண்டு போங்கள். முன்கூட்டியே தொலைபேசி எடுத்துக் கேட்பது முக்கியம். சில இடங்களில் குறைந்தபட்ச அளவு வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள். தலை எங்கே முடிகிறது, நடு எங்கே தொடங்குகிறது, வால் எப்போது ஈரக் காட்போர்ட் மாதிரி மணக்கத் தொடங்குகிறது என்று மூக்காலேயே வெட்டுகிற ஒரு மனிதரை அங்கே பார்ப்பீர்கள். அரை நாள் அவர் பக்கத்தில் நிற்பது நூறு வீடியோவுக்குச் சமம்.

நம் வீட்டில் ஒரு பேச்சு

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், இந்தப் பொழுதுபோக்கு ஒரு சுவிஸ் நண்பர் வீட்டில் நுழைவது போல நம் வீட்டில் நுழையாது. அம்மாவுக்கு 'வடித்தல்' என்றதும் நினைவுக்கு வருவது கசிப்பும் கோடாவும், அதைக் குடித்துவிட்டு வந்து அடித்த யாரோ ஒருவரும். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். குடி நம் வீடுகளில் பேசப்படாமலே பலரை அழித்திருக்கிறது, புலம்பெயர்ந்த பிறகும்தான். உங்கள் வீட்டில் குடியோடு போராடுகிற ஒருவர் இருந்தால் இந்தப் பீப்பாயை அந்த வீட்டுக்குள் கொண்டு போகவே வேண்டாம். அதே பழத்தில் நல்ல வினாகிரி போடலாம். அதுவும் பெரிய கலை.

இன்னொரு பேச்சும் பாக்கி இருக்கிறது. சூக் மாநிலத்துக் கிர்ஷ், வலே மாநிலத்து அப்ரிகோட் சாராயம் இரண்டுக்கும் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. அவற்றை வடிக்கிற கமக்காரரை "பரம்பரைத் தொழில்" என்று நம் மாமாமாரே மெச்சுகிறார்கள். அதே மாமாமார் ஊரில் பனையேறிக் கள்ளு இறக்கியவரைச் சாதி சொல்லித் தள்ளி வைத்தார்கள். உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறுவது, பாளையைச் சீவுவது, புளிக்கும் நேரத்தைக் கணிப்பது எல்லாம் கைவேலைதான். வடமராட்சியின் திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயமானது அவர்கள் இறக்கிய கள்ளுத்தான். அல்ப்ஸ் மலையடிவாரத்தில் செய்தால் பண்பாடு, பனையடியில் செய்தால் இழிவு என்ற கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை. இந்தத் தொழிலைக் கற்க ஆசைப்படுகிற நீங்கள் அந்த மரியாதையையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒளித்துச் செய்கிற வடிகலம் இந்தப் பேச்சுகளில் ஒன்றையும் தொடங்காது. அது அலுமாரிக்குள் இருக்கும், பிடிபட்டால் அம்மாவின் பயத்தை உறுதிப்படுத்தும். பல்கனியில் வெளிப்படையாக நிற்கிற பீப்பாய் வேறு. "இது என்ன?" என்று அப்பா கேட்பார். நீங்கள் விளக்கலாம். வரிக்கடுதாசியைக் காட்டலாம். வருடத்துக்கு ஒரு பீப்பாய், பத்துப் பன்னிரண்டு லீட்டர், அதிலும் பாதி நண்பர்களுக்குப் பரிசு. அவசரத்துக்குக் குடிக்கிற பொருள் அல்ல என்பது அவருக்கே விளங்கும்.

செரி ஜூனிலும் ஜூலையிலும் வரும். ஸ்வெட்ச்கே பிளமும் வில்லியம்ஸ் பேயார்ஸும் ஓகஸ்ட், செப்டெம்பரில். குவின்ஸ் ஒக்டோபரில். தோட்டத் துண்டு இல்லாதவர்கள் அதற்குள் மரம் வைத்திருக்கிற ஒருவரோடு பழகிக்கொள்ளுங்கள். பழம் நிலத்தில் விழுந்து வீணாகிறது என்று கவலைப்படுகிற வயோதிபர்கள் இந்த நாட்டில் நிறைய. முதல் வருடம் பழம் பொறுக்கக் கை கொடுங்கள், அவரோடு சேர்ந்தே ஊறல் போடுங்கள், அவர் பெயரிலேயே வடிசாலைக்குக் கொண்டு போங்கள். அந்த வருட முடிவில் உங்களுக்கு இரண்டு போத்தல் கிடைக்கலாம். ஓன்லைனில் பார்த்த அந்தச் செம்புப் பாத்திரம் இன்னும் வேண்டுமா என்று அப்போது கேட்டுப் பாருங்கள்.