அப்பாவின் இதயமும் சூடில்லாத கரன்ட்டும்

ரெண்டு மாசமா ஆவடியில எங்க வீட்டுல ஒரே பட்டிமன்றம். அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தோட மேலறை சீராத் துடிக்காம தாறுமாறா நடுங்குது. மாத்திரைக்கு அடங்கலை, அப்லேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

உடனே சித்தப்பா ஆரம்பிச்சார். "சூடு வைக்கிறதெல்லாம் பழசுடா. இப்ப கரன்ட்டுல பண்றாங்க. அது கிடைக்கிற வரைக்கும் காத்திருங்க. பண்ணிட்டா ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரையையும் தூக்கிப் போட்டுடலாம்."

அவர் சொல்றதுல பாதி சரி. நுரையீரல்ல இருந்து இடது மேலறைக்கு வர்ற ரத்தக்குழாய்கள்லதான் பெரும்பாலும் தப்பான சிக்னல் கிளம்புதுன்னு 1998-ல பிரான்ஸ்ல போர்டோ நகர டாக்டர்கள் காட்டினாங்க. தொடை வழியா கதீட்டரை அனுப்பி, அந்தக் குழாய்களைச் சுத்தித் தழும்பு போட்டா சிக்னல் உள்ள வராது. இதைச் சூட்டாலயோ குளிராலயோ பண்ணும்போது, பின்னாடியே ஒட்டியிருக்கிற உணவுக்குழாயும் அடிபடலாம். அபூர்வம்தான், ஆனா நடந்தா உயிருக்கே ஆபத்து.

புது முறைக்குப் பேர் பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன். மைக்ரோ செகண்டு அளவுல உயர் வோல்டேஜ் துடிப்புகள். செல்லோட சவ்வுல ஓட்டை விழுந்து செல் செத்துடும். இதயத்தசை சீக்கிரம் விழும், உணவுக்குழாயும் நரம்பும் ஓரளவு தாங்கும். நம்ம பாஷையில, பக்கத்து மாட்யூலை உடைக்காம பக் சரிபண்றது. 2024-ல வந்த ஆய்வுல 17,642 பேர்ல ஒருத்தருக்குக்கூட உணவுக்குழாய் பாதிப்பு இல்லையாம்.

ஆனா குணமாகுற கணக்கு? 2023-ல அட்வென்ட்னு ஒரு சோதனை. ரெண்டு முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு வெற்றி புதுசுல 73.3 சதவீதம், பழசுல 71.3. அவ்ளோதான் வித்தியாசம்! இதயத்தைச் சுத்தி ரத்தம் கட்டுறது, பக்கவாதம் மாதிரி ஆபத்துகள் ரெண்டுலயும் உண்டு.

அதனால என் கட்சி இதுதான். கிடைச்சா, கட்டுபடியானா புதுசு நல்லது. அதுக்காக மாசக்கணக்குல தள்ளிப்போடாதீங்க. மெஷினை விட அதைப் பிடிக்கிற கை முக்கியம், டாக்டர்கிட்ட "இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. முக்கியமா அந்த மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அப்லேஷனுக்கு அப்புறமும் குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் வேணும், மேல வேணுமான்னு வயசு, பிரஷர், சுகர் பாத்து டாக்டர்தான் சொல்லணும்.

அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "எதுவா இருந்தாலும் மாடி ஏறும்போது மூச்சு வாங்காம இருந்தா சரி"ன்னார். பட்டிமன்றத்துக்கு அதான் தீர்ப்பு. அடுத்த வாரம் அட்மிஷன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, ஜாவா எழுதுறவன். உங்க வீட்ல யாராவது பண்ணியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும் :-)